கும்மிடிப்பூண்டியில் குதிக்கும் எறும்பும் என் மேல் வந்த அம்மனும்

"எறும்பு பார்க்க யாராவது ரயில் ஏறிப் போவாங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவைத் திறந்தாலே போதும், ஆயிரம் பார்க்கலாம். ஆனால் நான் பார்க்கப் போனது குதிக்கும் எறும்பு. அதுவும் மலைக்கோ காட்டுக்கோ இல்லை, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு. அருவி, கோயில், கடற்கரை என்று எழுதிக்கொண்டிருந்தவள் இப்படி இறங்கிவிட்டேனே என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் என் அக்கா மகள் நித்யா. பெங்களூரில் எறும்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். தொழிற்பேட்டையின் ஓரத்தில் மிச்சமிருக்கும் ஒரு புதர்க்காட்டில் இந்த எறும்பின் கூட்டம் ஒன்றைக் கண்டுபிடித்து, இரண்டு வருடமாக வந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போன ஆடி மாதம் அந்த நிலம் லாரி நிறுத்துமிடத்துக்காகக் கைமாறிவிட்டது. புது நிலத்துக்காரர் நல்ல மனிதர். திங்கட்கிழமை காலை வந்து எறும்புகளைத் தோண்டி எடுத்துக்கொள்ளுங்கள், அதன் பிறகுதான் வேலை ஆரம்பிப்போம் என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமை இரவு நித்யா போன் செய்தாள்.

"சித்தி, நாளைக்கு உனக்கு லீவுதானே? ஒரு எட்டு போய் அந்த வளை பத்திரமா இருக்கான்னு பாத்துட்டு வந்துடேன். நான் நாளைக்கு ராத்திரி பஸ் ஏறி திங்கட்கிழமை காலையில வந்துடுவேன். எனக்கு என்னவோ மனசே சரியில்ல."

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் எனக்கு ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை. ஆனாலும் அவள் குரல் அப்படி இருந்தது. சரி என்றேன்.

அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்குப் போய், மூர் மார்க்கெட் வளாகத்தில் 6.15 வாக்கில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்தேன். டிக்கெட் பதினைந்து ரூபாய், தூரம் ஏறக்குறைய 46 கிலோமீட்டர். எண்ணூர் வரைக்கும் சாம்பலும் குழாய்களும்தான். மீஞ்சூர் தாண்டியதும் வயல் தெரிகிறது. கவரைப்பேட்டையில் மறுபடி புகைபோக்கிகள் ஆரம்பித்துவிடும். ஆடி ஞாயிறு என்பதால் பெட்டியில் மஞ்சள் புடவைகளும் வேப்பிலைக் கொத்துமாகப் பாதிக் கூட்டம் கூழ் ஊற்றும் திருவிழாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏழரைக்கு இறங்கினேன்.

ஸ்டேஷன் வாசலில் முரளி என்ற ஆட்டோக்காரத் தம்பி கிடைத்தார். வண்டியின் கைப்பிடியில் வேப்பிலை, கண்ணாடியடியில் மஞ்சள், குங்குமப் பொட்டலம். போக, காத்திருக்க, திரும்பக் கொண்டுவந்து விட 350 ரூபாய். எங்கே போகவேண்டும் என்று மேப்பைக் காட்டியதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்க ஒண்ணுமே கெடையாதேக்கா. இன்னாத்துக்கு?"

"எறும்பு பாக்க."

"எறும்பா? அம்பத்தூர்லேர்ந்தா? எங்க ஊட்டுக்கு வந்திருந்தா ஃப்ரீயா காட்டிருப்பேனே!"

தொழிற்பேட்டைக்குள் நாலு கிலோமீட்டர். கடைசித் தொழிற்சாலையின் சுற்றுச்சுவர் முடியும் இடத்தில் தார் ரோடும் முடிகிறது. அதன் பிறகு செம்மண், களாச் செடி, காரை முள், ஈச்சம் புதர். எல்லாம் சேர்த்து இரண்டு ஏக்கர் இருந்தால் அதிகம். நடுவில் ஒரு பழைய கறையான் புற்று, என் இடுப்பு உயரம். கறையான் எப்போதோ காலி செய்துவிட்டது. மேலே இருந்த துளைகளெல்லாம் மழையில் மூடிப்போயிருந்தன. அடிவாரத்தில் ஒரே ஒரு துளை, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு. நித்யாவின் எறும்புகள் அதற்குள்தான் இருந்தன.

கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒன்றையும் காணோம். பிறகு ஒரு காய்ந்த இலைமேல் அது நின்றது. நம் வீட்டு எறும்பு மாதிரி வரிசையில் ஓடுகிற சாதி இல்லை. தனியாக வேட்டைக்கு வரும். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நீளம். மேல்நோக்கி வளைந்த நீண்ட தாடை, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட பெரிய கண். நான் தலையைச் சாய்த்தால் அதுவும் தலையைத் திருப்பிப் பார்க்கிறது! எறும்பு ஒன்று என்னைப் பார்க்கிறது என்று உணர்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அடுத்த நொடி நாலு விரற்கடை தூரம் தாவி ஒரு குட்டிச் சிலந்தியைக் கவ்விக்கொண்டு துளைக்குள் போய்விட்டது. நான் "ஐயோ!" என்று கத்தியதில் ஆட்டோவில் படுத்திருந்த முரளி எழுந்து ஓடி வந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷம் பத்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. சுற்றுச்சுவருக்குப் பின்னாலிருந்து ஜேசிபி சத்தம் வந்தது. ஏதோ தொழிற்சாலைக்குள் என்று நினைத்தேன். மஞ்சள் வாளி களாச் செடிகளுக்கு மேலே எழும்பி இறங்கியபோதுதான் புரிந்தது. அது இந்த நிலத்துக்குள்தான் வந்துகொண்டிருந்தது.

குறுக்கே போய் நின்று கையை ஆட்டினேன். ஓட்டுநர் நாற்பது வயதுக்காரர், பெயர் சேகர், பள்ளிப்பட்டுப் பக்கம். தலையை வெளியே நீட்டினார்.

"யம்மா, நவுருங்க. மண்ணு வுழும்."

நிலத்துக்காரர் திங்கட்கிழமை என்றுதானே சொன்னார் என்றேன். அவருக்கு அதெல்லாம் தெரியவில்லை. ஒப்பந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமை வண்டி சும்மா நிற்கிறதே என்று அனுப்பிவிட்டார். சாயங்காலத்துக்குள் மொத்தத்தையும் சமப்படுத்த வேண்டும். எறும்புக் கதையைச் சொன்னேன். நாளைக் காலை வரை அந்தப் புற்றை மட்டும் விட்டுவிடுங்கள், எறும்புகளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம் என்று கெஞ்சினேன்.

"மேடம், எறும்புக்கோசரம் வண்டிய நிறுத்தினேன்னு சொன்னா ஓனரு என்னிய இன்னா சொல்லுவாரு? எனக்கே வேற பேஜாரு ஆயிரம் கீது. நவுருங்க."

நித்யா கொடுத்திருந்த நம்பரில் நிலத்துக்காரரை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நித்யாவை அழைத்தேன். எடுத்தாள், அழுதுவிட்டாள். "சித்தி, இந்தப் பக்கத்துல எனக்குத் தெரிஞ்சு மிச்சம் இருக்கற கூட்டம் இது ஒண்ணுதான். எப்படியாவது நாளைக்குக் காலை வரைக்கும்" என்பதற்குள் சிக்னல் போய்விட்டது. வாளி அதற்குள் ஈச்சம் புதரைப் பிடுங்கி ஓரமாகப் போட்டிருந்தது. புற்றுக்கு இருபதடிதான் இருந்தது. வண்டிக்கு முன்னால் படுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். அவ்வளவு தைரியம் எனக்குக் கிடையாது, உண்மையைச் சொல்ல வேண்டுமே.

திடீரென்று வாளி அந்தரத்தில் நின்றது. என்ஜின் அணைந்தது. சேகர் இறங்கினார், செருப்பைக் கழற்றினார். நான் திரும்பிப் பார்த்தேன். புற்றின் உச்சியில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகியிருந்தது. பக்கத்தில் முரளி கைகட்டி நின்றார். உள்ளங்கை மட்டும் மஞ்சளாக இருந்தது.

"இன்னா நைனா, அம்மன் புத்தா இது? மொதல்லயே சொல்ல வாணாமா?" என்று சேகர் முரளியைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாண்ணா" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாருக்கோ போன் செய்தபடி நிழலுக்குப் போனார். முரளி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "எப்டிக்கா?" என்ற கேள்வி அதிலேயே இருந்தது. எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் சேகர் போன் செய்தது ஒப்பந்தக்காரருக்கு இல்லை. தொழிற்பேட்டை முனையில் நாஷ்டா கடை வைத்திருக்கும் சரசு அக்காவுக்கு. அரைமணி நேரத்தில் சரசு அக்கா ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எல்லாரும் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள், கூழ் ஊற்றிவிட்டு நேராக வந்திருந்தார்கள். கையில் பால் பாக்கெட், முட்டை, கற்பூரம்.

"கண்ணு எங்கடி கீது?" என்று சரசு அக்கா புற்றைச் சுற்றி வந்தார். பாம்பு போய்வரும் துளையைக் கண் என்பார்கள். அதில்தான் பாலை ஊற்றி முட்டையை விடுவது வழக்கம். அந்தப் புற்றில் திறந்திருந்த கண் ஒன்றே ஒன்றுதான்.

மழைத் தண்ணீர் இந்த எறும்புகளுக்குப் பிரச்சினை இல்லை, உள்ளே அறைக்குக் கூரை போட்டுத் தண்ணீர் சுற்றிக்கொண்டு போகும்படி கட்டியிருக்கும் என்று நித்யா சொல்லியிருக்கிறாள். பாலும் முட்டையும் அப்படியா? உள்ளே அழுகும். வாசனைக்கு ஊரிலுள்ள சிற்றெறும்பெல்லாம் படையெடுத்து வந்து குஞ்சுகளைத் தின்றுவிடும். நாளைக் காலை தோண்டினால் ஒன்றும் இருக்காது. ஊற்றாதீர்கள் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால் ஜேசிபி கிளம்பிவிடும். சரசு அக்கா பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழித்துவிட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. குனிந்து உள்ளங்கையால் அந்தத் துளையை மூடிவிட்டேன்.

தினமும் நூறு பேருக்கு ஊசி குத்துகிறவள் நான். குத்தினால் எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. உள்ளங்கையின் நடுவில் கொதிக்கும் எண்ணெய் பட்ட மாதிரி ஒன்று, உடனே இன்னொன்று. "ஆ!" என்று அலறி எழுந்து கையை உதறிக்கொண்டு குதித்தேன். கிளிப் தெறித்துக் கூந்தல் அவிழ்ந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஊத்தாதீங்க! ஊத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டே சுற்றினேன்.

பின்னால் குலவைச் சத்தம் கேட்டது.

"ஆத்தா வந்துட்டாடி!" என்றார் சரசு அக்கா. யாரோ என் தலையில் மஞ்சள் தண்ணீரைக் கொட்டினார்கள். யாரோ கற்பூரத்தைக் காட்டினார்கள். வேப்பிலை தோளில் பட்டுப் பட்டுப் போனது. "யாரு தாயே வந்துகிறே? இன்னா கொற வெச்சோம் உனக்கு? பால் வாணாமா தாயே?"

"வேண்டாம்" என்றேன், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. அது நான் சொன்னதுதான். ஆனால் எல்லாரும் இரண்டடி பின்னால் போனார்கள். பால் பாக்கெட் கீழே இறங்கியது. சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இன்னும் ஒரு வாக்கியம் போதும் என்று மனசு கணக்குப் போட்டது. நாளைக் காலை வரை யாரும் இந்த மண்ணைத் தொடக்கூடாது என்று உருட்டி விழித்துச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. வாயையும் திறந்துவிட்டேன்.

அதற்குள் சேகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் காலில் விழுந்தார்.

"தாயே, எம் பொண்ணு. ஏழு வயசு. நாளைக்கு நெஞ்சுல ஆப்ரேஷன். பொழச்சி வந்துடுவாளா? ஒரே ஒரு வார்த்த சொல்லு தாயே."

எங்கள் நிலையத்தில் ரிப்போர்ட் வாங்க வருகிற அப்பாக்கள் தினமும் என்னை இப்படித்தான் பார்ப்பார்கள். நாங்கள் டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவோம். அன்று அடுத்த டோக்கன் இல்லை. அவர் நெற்றி என் காலில் இருந்தது. குனிந்து அவர் தோளைப் பிடித்தேன்.

"அண்ணா, எழுந்திரிங்க. நான் சாமி இல்ல. எறும்பு கடிச்சிடுச்சு. இது அம்மன் புத்தும் இல்ல. உங்க வண்டிய நிறுத்தத்தான் மஞ்சள் வெச்சோம். மன்னிச்சிடுங்க."

முரளி முன்னால் வந்தார். "வெச்சது நான்தான். அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார்.

சரசு அக்கா என் வீங்கிய கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "ஆடி ஞாயித்துக்கெழம சாமி பேர்ல வெளாட்டா? படிச்சவங்கதானே நீங்க?" என்று கேட்டார். பாலை எடுத்துக்கொண்டு, பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

சேகர் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நெற்றியில் செம்மண் ஒட்டியிருந்தது.

"சாமி இல்லன்னா போவட்டும் மேடம். பொழச்சிக்குவான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்களுக்கு இன்னா கொறஞ்சிட்டிருக்கும்?"

அவர் ஏறி என்ஜினைக் கிளப்பினார். நான் ஆட்டோ பக்கத்தில் நின்றேன், முரளி என் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். களாப் புதர் போனது. காரை முள் போனது. வாளி வட்டம் போட்டுக்கொண்டு புற்றை நெருங்கியது. பதினைந்தடி, பத்தடி. நித்யாவுக்கு என்ன சொல்வது என்று வார்த்தைகளைத் தேட ஆரம்பித்துவிட்டேன். புற்றுக்கு ஆறடியில் வாளி ஒவ்வொரு முறையும் மேலெழுந்து திரும்பியது. அதற்குமேல் அது வரவில்லை.

நாலு மணிக்கு ஒப்பந்தக்காரர் பைக்கில் வந்தார். "இது இன்னாடா நடுவுல மேடு?"

"அம்மன் புத்து சார். நான் கை வெக்க மாட்டேன். நாளைக்கு எம் பொண்ணுக்கு ஆப்ரேஷன்" என்றார் சேகர். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒப்பந்தக்காரர் குங்குமத்தைப் பார்த்தார், தானும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று போய்விட்டார்.

கிளம்பும்போது சேகர் என் போன் நம்பரைக் கேட்டு வாங்கினார். "எறும்ப எடுத்துக்குங்க மேடம். புத்த ஒடச்சிடாதீங்க. அது நிக்கிற வரிக்கும் அவளுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நான் மனசுல வெச்சிக்கினேன்."

"சரிண்ணா" என்றேன். தோண்டினால் புற்று நிற்குமா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமையைச் சொல்வதற்கு முன்னால், போக நினைப்பவர்களுக்கான விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல மனம் வராது. இந்த எறும்புக்கு ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர் என்று பெயர். செம்மண் புதர்க்காடு எங்கே மிஞ்சியிருந்தாலும் தேடிப் பார்க்கலாம். காலை ஒன்பதுக்குள் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு வெளியே வரும். மூடிய ஷூ, தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர் அவசியம். சாப்பாட்டை ஸ்டேஷன் பக்கத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள், உள்ளே கழிவறையும் கிடையாது. நிலத்துக்காரரைக் கேட்காமல் நுழையாதீர்கள், தனியாகப் போகாதீர்கள். துளையில் கையோ குச்சியோ வைக்காதீர்கள். கடித்து மூச்சு முட்டினால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வளையைக் கண்டுபிடித்தால் படத்தைப் போடுங்கள், இடத்தைப் போடாதீர்கள். எறும்பையும் விலைக்கு வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். குழந்தையை வைத்து உங்களைப் பதற வைக்க எனக்கு விருப்பமில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு மறுபடி போனேன். நித்யா இரண்டு பேரோடு கடப்பாரை, கரண்டி, பிளாஸ்டிக் டப்பாக்களோடு வந்திருந்தாள். புற்றை உடைக்காமல் எடுக்க முடியுமா என்று கேட்டேன். முயற்சி செய்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் பள்ளம் வெட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனார்கள். ஆனால் எறும்புகளின் அறை நேராகப் புற்றுக்கு அடியில் இருந்தது. முட்டி ஆழத்தில் மண் விரிசல் விட்டது. மஞ்சளும் குங்குமமுமாக உச்சி சரிந்து, மொத்தப் புற்றும் பள்ளத்துக்குள் உட்கார்ந்தது.

நித்யா அந்த மண்ணைக் கையாலேயே விலக்கி அறையைக் கண்டுபிடித்தாள். எழுபது எறும்புகள், வெள்ளை வெள்ளையாய்க் குஞ்சுகள், எல்லாம் உயிரோடு. வேறொரு புதர்க்காட்டில் அவற்றுக்குக் குழி தயாராக இருந்தது. அவள் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள், "சித்தி, வந்துடுச்சு சித்தி" என்றாள். அப்போது என் போன் அடித்தது.

"மேடம், சேகர் பேசறேன். இப்பதான் உள்ள கூட்டிக்கினு போனாங்க." பின்னால் ஒரு பெண் விசும்புவது கேட்டது. "புத்து இருக்குதில்ல?"

என் காலுக்குக் கீழே பள்ளம். அதில் மஞ்சள் பூசிய மண்கட்டிகள் கிடந்தன.

"இருக்குதுண்ணா" என்றேன். "அப்படியே இருக்குது. ஒரு கீறல் இல்ல. அவ பொழச்சி வந்துடுவா."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, பக்கத்திலிருந்தவளிடம் "இருக்குதாம்" என்று சொல்வது மட்டும் கேட்டது.